கழல மறுக்கும் போல்ட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே காரைப் பிரித்து வேலை பார்ப்பவன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, "ஒரு போல்ட் கழல மாட்டேங்குது." மீதிப் பாதி, "கழட்டப் போனேன், உடைஞ்சுடுச்சு." முதல் வகைக்காரர்கள் இரண்டாம் வகைக்குப் போகாமல் இருக்கத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எந்தப் பக்கம் திருப்பணும்? கேட்கவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட வேண்டாம். தப்பான பக்கம் முறுக்கி உடைத்தவர்களில் நானும் ஒருவன். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தால் கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டைக் கையால் தடவித் திருப்பும்போதுதான் குழப்பம் வரும். அப்போது வலது கைக் கட்டைவிரலை, போல்ட் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமோ அந்தப் பக்கம் நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் திசைதான் திருப்ப வேண்டிய திசை.

இடது மரையும் (எதிர்ப்பக்கம், அதாவது கடிகாரமுள் திசையில் திருப்பினால் கழலும் திருகுவரி) சில இடங்களில் உண்டு. ஸ்டீயரிங் டை ராடு சரிசெய்யும் பகுதியின் ஒரு முனை, சில பழைய வண்டிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகள், சில ரேடியேட்டர் விசிறிகளின் நடு நட்டு. வெளியே தெரியும் மரையை நிமிர்த்திப் பாருங்கள். வரிகள் வலப்பக்கம் ஏறினால் வழக்கமான மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை.

போன தடவை சுலபமா கழன்ற போல்ட் இப்போ ஏன் பிடிச்சுக்குது?

இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் மரையில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதில் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து, உப்புத் தண்ணீரும் பட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகும். எக்ஸாஸ்ட் பக்கம் இருப்பவை ஆயிரம் தடவை சூடாகிக் குளிர்ந்து இறுகியவை.

துருவே இல்லாமல் இறுகியவையும் உண்டு. போன தடவை யாராவது இம்பாக்ட் கன்னை (தட்டித் தட்டி முறுக்கும் விசைக்கருவி) வைத்து அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், அல்லது மரையில் பசை தடவியிருப்பார்கள். காரணத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

டபிள்யூடி-40 அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே ஆகலையே?

அடித்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டால், "அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அங்கேதான் பாதிக் கோளாறு. மீதிப் பாதி, அந்த எண்ணெயின் வேலை பற்றியது. அதன் பெயரே தண்ணீரை விலக்கும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதன் சுருக்கம்தான். 1953-இல், ஏவுகணையின் மேற்பரப்பில் துரு ஏறாமல் காப்பதற்காக உருவாக்கப்பட்டது. இறுகிய மரைக்குள் ஊறிப்போவதற்கென்றே தனியாக விற்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

எதை அடித்தாலும் முறை ஒன்றுதான். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். துருவும் சேறும் அப்பியிருந்தால் எண்ணெய் அதற்கு மேலேயே நின்றுவிடும். தலையின் மேல் அடிப்பதால் பயன் இல்லை. மரை தொடங்கும் இடத்தில், நட்டின் விளிம்பில் அடிக்க வேண்டும். அப்புறம் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். சாயங்காலம் ஒரு முறை, படுக்கப்போகுமுன் ஒரு முறை, காலையில் ஒரு முறை என்று அடித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். மறுபக்கம் மூடிய ஓட்டையில் இருக்கும் போல்ட்டுக்கு எண்ணெய் போக தலையின் அடிப்பக்கம் ஒன்றே வழி என்பதால், அங்கே இன்னும் பொறுமை வேண்டும்.

அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் கலந்து அடிச்சா பிரமாதமாமே? வினிகர்?

கலவை வேலை செய்யும். ஆனால் இரண்டும் ஒட்டாமல் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். பின்னால் சூடு காட்டும் எண்ணம் இருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

வினிகர், கோலா போன்ற அமிலங்கள் கழற்றிய பாகத்தை ஊறவைத்துத் துரு நீக்க நல்லவை. மாட்டியிருக்கும் போல்ட்டில் ஊற்றினால் தரைதான் சுத்தமாகும்.

என்கிட்ட இருக்கிற சாதா ஸ்பேனர் போதாதா?

இறுகிய போல்ட்டுக்குப் போதாது. வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கும், கொஞ்சம் அமுக்கினால் வாய் விரிந்து முனையை வழித்துவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்டுவதற்கு வசதி, ஆனால் முனையின் ஓரத்தில் மட்டும் அழுத்தும். ஆறு பட்டை சாக்கெட்தான் பட்டையின் பரப்பிலேயே அழுத்துகிறது. மாட்டுவதற்கு முன் தலையைச் சுற்றியிருக்கும் துருவைச் சுரண்டி, சாக்கெட் கடைசி வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி இறங்கிய சாக்கெட்தான் பெரும்பாலான தலைகளை மழுங்கடிக்கிறது.

ராட்செட்டின் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) உள்ளே இருக்கும் பல் இந்த வேலைக்கு ஆனதல்ல, அதற்குப் பதில் பல் இல்லாத நீளமான கைப்பிடியான பிரேக்கர் பார் வாங்குங்கள். 30 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் சுமார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்). அதே அழுத்தம் 60 செ.மீ. கைப்பிடியில் 120. இது வரமும்கூட, சாபமும்கூட. 8.8 என்று தலையில் பலத்தின் தரம் பொறித்த சாதாரண எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டை முறுக்குவதே ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டருக்குத்தான். எம்8-க்கு 25, எம்10-க்கு 50, எம்12-க்கு 85 அளவில். ஆகவே பைப்பைச் சொருகி நீட்டுவதெல்லாம் எம்12 போன்ற பெரியவற்றுக்கு மட்டும்.

எவ்வளவு அமுக்கலாம்? உடையப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். கழலப்போகும் போல்ட் பிடிவாதமாக நிற்கும், அப்புறம் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும், அல்லது "கிரீச்" என்று முனகியபடி நகரும். இரண்டும் நல்ல சத்தம். உடையப்போகும் போல்ட்டோ சத்தமே இல்லாமல் மெதுவாக இளகும், ரப்பரைத் திருப்புவது போல. "ஆகா, நகருது" என்று தோன்றும். கையை எடுத்தால் கொஞ்சம் பின்னால் வரும். அப்போது நகர்வது மரை இல்லை, போல்ட்டின் உடம்பு முறுக்கிக்கொள்கிறது. உடனே நிறுத்துங்கள். அடுத்த கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும்.

நிறுத்திவிட்டு, கழற்றும் திசைக்கு எதிராக, அதாவது இறுக்கும் பக்கம், இம்மியளவு தள்ளிப் பாருங்கள். துருவின் பிடி முதலில் அந்தப் பக்கம் உடையலாம். பிறகு மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருத்தல். நகர ஆரம்பித்த பிறகும் ஒரே மூச்சில் கழற்ற வேண்டாம். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. அரைச் சுற்று வந்துவிட்டுத் திரும்ப இறுகுகிறது என்றால் உடைந்த துருப்பொடி மரையில் சேர்ந்து அடைக்கிறது என்று அர்த்தம். பலவந்தமாக இழுத்தால் அங்கேயே முறியும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் மட்டும் விதிவிலக்கு. அவை துருவால் இறுகுவதில்லை, உரசும்போது மேற்பரப்பு கிழிந்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. மின்கருவியில் வேகமாகத் திருப்பினால் சூடு ஏறி இன்னும் பற்றும். மெதுவாக, எண்ணெயோடு கையால் முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் அறுப்பதுதான் வழி.

சுத்தியலால அடிக்கலாமா? இம்பாக்ட் கன் வாங்கினா எல்லாம் தீருமா?

அடிக்கலாம், ஆனால் இடம் பார்த்து. தலையின் நடுவில், போல்ட் நீண்டிருக்கும் திசையிலேயே நாலைந்து உறுதியான அடி. அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். அலுமினிய உறையின் மேலோ, பேரிங் பக்கத்திலோ, வெளியே நீண்டிருக்கும் மரை முனையிலோ அடிக்காதீர்கள். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலைத் திருகாணிகளுக்கு, சுத்தியலால் அடித்தால் தானே கொஞ்சம் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. எளிய கருவி. அது இல்லாமல் அந்தத் திருகாணியை நான் தொடுவதே இல்லை.

இம்பாக்ட் கன் தொடர்ந்து திருகுவதில்லை, குட்டிக் குட்டி அடிகளாகக் கொடுக்கிறது. அதனால் பெரிய போல்ட்டுகளுக்குப் பல சமயம் பிரேக்கர் பாரைவிடப் பாதுகாப்பு. எம்6, எம்8-க்கு வேண்டாம். முன் கேள்வியில் சொன்ன "இளகும்" உணர்வு கன்னின் வழியாகக் கைக்கு வராது. சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் ரகமாக இருக்கட்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள்.

சூடு காட்டணும்னா போல்ட்டையா, நட்டையா?

நட்டை. உள்ளே இருப்பதைச் சூடாக்கினால் அதுதான் பருக்கும், பிடி இன்னும் இறுகும். வெளியே சுற்றியிருப்பது விரிய வேண்டும். 10 மி.மீ. எஃகை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 0.036 மி.மீ. அளவுதான் விரியும், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. அவ்வளவுதானா என்று தோன்றும். துருவின் பிடியைக் குலைக்க அது போதும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட்டைச் சுற்றி மிதமான சூடே பலன் தரும். ஒரு எச்சரிக்கை: இரும்பு போல அலுமினியம் சிவந்து காட்டாது. 660 டிகிரியில் அப்படியே உருகி விழும்.

சூடாக்கிய பிறகு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். அதைக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான், இப்போது கருவிப்பெட்டியில் ஒரு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறேன். சிவக்கச் சிவக்கச் சூடேறிய போல்ட்டையும் நட்டையும் திரும்ப மாட்டக் கூடாது. அவற்றின் பலம் போய்விட்டிருக்கும்.

எங்கெல்லாம் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது?

பெட்ரோல் டாங்கும் குழாயும், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், வயர்கள், ஷாக் அப்சார்பர், ஏர்பேக் இருக்கும் இடம். இவை பலருக்குத் தெரியும். தெரியாத இரண்டைச் சொல்கிறேன். டயர் மாட்டிய சக்கரத்தின் நட்டைச் சூடாக்காதீர்கள், உள்ளே டயர் வெந்து வெடிக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. ஊறவிட்ட எண்ணெயையும் துடைத்துவிட்டே டார்ச்சைப் பற்றவையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

துருவே இல்லை, மரையில சிவப்பா ஏதோ ஒட்டியிருக்கு. எண்ணெய்க்கு அசையலை.

அது மரைப் பசை. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொதுவாக நீலம் என்றால் கைக்கருவிக்கே விட்டுவிடும், சிவப்பு என்றால் 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஆறுவதற்குள் கழற்ற வேண்டும்.

தலை மழுங்கிடுச்சு, சாக்கெட் வழுக்குது.

முதலில் அதே சாக்கெட்டில் இன்னொரு முறை முயல்வதை நிறுத்துங்கள். ஒரு சுற்று சிறிய ஆறு பட்டை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். 13 மி.மீ. தலை தேய்ந்திருந்தால் அரை அங்குல சாக்கெட், அதாவது 12.7 மி.மீ., கச்சிதமாகக் கடிக்கும். இல்லையென்றால் உள்ளே சுருள் பல் வைத்த எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். இடம் இருந்தால் அரத்தால் இரண்டு பட்டை புதிதாக ராவி, வைஸ் கிரிப்பால் (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடிக்கலாம்.

வெல்டிங் தெரிந்தவர்களுக்கு ராஜவழி உண்டு: மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டை வழியாகப் பற்றவைப்பது. புதிய பட்டையும் கிடைக்கிறது, சூட்டில் துருவும் விடுகிறது. முன்பு நட்டைத்தான் சூடாக்க வேண்டும் என்றேனே, இது முரண் இல்லையா என்றால், இங்கே வேலை செய்வது சூடாகிப் பருத்துக் குளிரும்போது சுருங்கும் அந்த அசைவு. அதனால் கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்புங்கள்.

ஆலன் தலை (ஆறுபக்கக் குழி உள்ளது) மழுங்கினால் குழிக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய, ஆறுமுனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்குங்கள்.

நீங்க சொன்னதுக்குள்ள தலை உடைஞ்சு கையோட வந்துடுச்சு. இப்போ?

பதறாதீர்கள். தலை போனதும் அதை இழுத்துப் பிடித்திருந்த இறுக்கமும் போய்விட்டது. மேலே இருக்கும் பாகத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய், சூடு, வைஸ் கிரிப் என்று முன்சொன்ன வரிசையிலேயே பெரும்பாலும் வந்துவிடும்.

மட்டத்தோடு உடைந்திருந்தால் ட்ரில்தான். நட்ட நடுவில் சென்டர் பஞ்ச்சால் குறி வையுங்கள். இதற்கு மட்டும் கால் மணி நேரம் செலவழித்தாலும் தகும். சுற்றியிருப்பது அலுமினியம் என்றால் அது போல்ட்டைவிட மெத்தென்றிருப்பதால் பிட் கொஞ்சம் விலகினாலும் அந்தப் பக்கமே ஓடும். இடது சுழற்சி ட்ரில் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஓட்டை போடும்போதே பல துண்டுகள் சுழன்று வெளியே வந்துவிடுகின்றன.

எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த துண்டில் போட்ட ஓட்டைக்குள் சொருகித் திருப்பும் கருவி) கடைசியில் வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் உறையில் ஓர் எம்6 துண்டில் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரைச் சொருகித் திருப்பினேன். "இளகும்" உணர்வு வந்தது, அசட்டை செய்தேன். எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறிந்தது. அது சாதாரண பிட்டால் துளைக்க முடியாத கடின எஃகு. தலை உடைய மரையில் எந்தத் துருவின் பிடி காரணமோ அதே பிடி அப்படியே இருக்க, அதைவிட மெல்லிய கம்பியால் திருப்ப நினைத்தது என் தவறு.

ட்ரில் பண்ணி எடுத்துட்டேன், ஆனா மரை போயிடுச்சு.

சுருள்கம்பி மரை இன்சர்ட் போடலாம். ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்கான டேப்பால் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, கம்பிச் சுருளைத் திருகி இறக்கினால் போல்ட் பழைய அளவிலேயே ஏறும். அலுமினியத்தில் இது முதலில் இருந்த மரையைவிட உறுதியாகவே இருக்கும். மரை லேசாகக் கெட்டிருந்தால் டேப் ஓட்டுவதே போதும். புதிதாக வெட்டுவதானால் எம்6-க்கு 5 மி.மீ., சாதாரண எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5 மி.மீ. ட்ரில்.

சஸ்பென்ஷன் ஆர்ம் நட் கழன்றுச்சு. ஆனா போல்ட் சுத்துது, வெளியே வர மாட்டேங்குது.

இங்கே இறுகியிருப்பது மரையே இல்லை. ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழல் இருக்கும். போல்ட்டின் வழவழப்பான உடம்பு அந்தக் குழலோடு நீள நெடுகத் துருவால் ஒட்டியிருக்கிறது. நீங்கள் திருப்பும்போது குழலும் சேர்ந்து ரப்பரை முறுக்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. நட்டை இரண்டு மூன்று மரையில் திரும்ப ஏற்றி அதன் மேல் அடித்துப் பாருங்கள். அடி மரையில் படாமல் நட் தாங்கிக்கொள்ளும். இம்பாக்ட் கன்னால் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஆட்டலாம்.

அரை மணி நேரத்தில் அசையவில்லை என்றால் நான் அறுத்துவிடுவேன். புஷ்ஷின் இரண்டு பக்கமும், குழலுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ரம்பத்தை விட்டு அறுத்தால் ஆர்ம் தனியாக வந்துவிடும். புது புஷ், புது போல்ட் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுங்கள், இல்லையேல் கார் ஸ்டாண்டின் மேலேயே நிற்கும்.

ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் இன்ஜின் சூடா இருக்கும்போதா, ஆறின பிறகா?

அலுமினிய ஹெட்டில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கை ஆறிய பிறகே கழற்றுங்கள், சூட்டில் மெத்தென்றிருக்கும் மரை பிளக்கோடு உரிந்து வரலாம். எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எதிர்மாறு, வெதுவெதுப்பாக இருக்கும்போது சுலபம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் பிளீடர் நிப்பிள் (பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் சிறு திருகு) உள்ளே வெற்றாக இருப்பதால் சட்டென்று முறியும். அதன் ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தும் ட்ரில் பிட்டின் காம்பைச் சொருகிவிட்டு, ஆறு பட்டை சாக்கெட்டால் திருப்பினால் உடம்பு நசுங்காமல் தாங்கும்.

வீல் நட் மேல ஏறி நின்னு மிதிக்கலாமா?

சக்கரம் தரையில் இருக்கும்போது, ஹேண்ட் பிரேக் போட்டு, நீளமான கைப்பிடியால் இழுங்கள். ஏறிக் குதித்தால் ஸ்பேனர் நழுவிக் கணுக்கால் போகும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரில் எந்த நட்டையும் பலமாக இழுக்காதீர்கள், கார் சாய்ந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது ஆன்டி-சீஸ் தடவலாமா?

மரை இறுகாமல் தடுக்கும் இந்தக் களிம்பை எக்ஸாஸ்ட், பிராக்கெட், அடிப்பக்கக் கவசம் போன்றவற்றுக்குத் தாராளமாகத் தடவலாம். ஆனால் தடவிய மரையில் உராய்வு குறையும், அதே டார்க்கில் முறுக்கினால் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் டார்க்கைக் குறைக்க வேண்டியிருக்கும். கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய வீல் நட்டுக்கு வேண்டாம். வெள்ளிப்பூச்சு போல மின்னும் மரையுள்ள ஸ்பார்க் பிளக்குகளுக்கும் அவசியமில்லை. முறுக்கும்போதே நீட்டப்படும் வகை சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எது தடவியும் மறுபடி பயன்படுத்த முடியாது, புதிதுதான்.

எந்தக் கட்டத்துல விட்டுட்டு மெக்கானிக்கிட்ட போகணும்?

இன்ஜின் பிளாக்கிலோ ஹெட்டிலோ துண்டு உடைந்து, ட்ரில் நடுவை விட்டு விலகத் தொடங்கியதும். அல்லது எக்ஸ்ட்ராக்டர் உள்ளே முறிந்ததும். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு, கடின எஃகையும் மரை கெடாமல் எடுத்துவிடுவார்கள். என் தெர்மோஸ்டாட் உறை அப்படித்தான் பிழைத்தது. கொண்டுபோகும்போது என்னென்ன செய்தீர்கள், எது உள்ளே முறிந்திருக்கிறது, அதன் அளவு என்ன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் முதலில் சொல்லவில்லை, பட்டறைக்காரருடைய ட்ரில் பிட் ஒன்று வீணானது.